மருந்து முடிந்தும் விரல் ஏன் நிமிரவில்லை?



"தொழுநோய் குணமாகிவிட்டது என்று எழுதுகிறீர்கள், பிறகு ஏன் அந்தக் கைக்கு உணர்ச்சி வரவில்லை?" என்று உங்களில் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அரக்கோணம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் நோயாளிகளும் இதையே எங்களிடம் கேட்கிறார்கள்.

முழங்கையைச் சுவரில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்குமல்லவா? அங்கே ஓடும் நரம்பு, தொழுநோய் அடிக்கடி தாக்கும் நரம்புகளில் ஒன்று. சேதமான நரம்பிழை மீண்டும் வளரக்கூடியதே. ஆனால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கையிலிருந்து உள்ளங்கைக்கு வந்து சேர ஒரு வருடம்கூட ஆகலாம்.

அதைவிடக் கஷ்டமானது வழி கண்டுபிடிப்பது. வளரும் இழையின் நுனி சின்னக் கைபோல விரிந்திருக்கும். ஸ்பெயின் தேசத்து ரமோன் இ கஹால் 1890இல் இதைக் கண்டு எழுதினார். அந்த நுனி தடவித் தடவித்தான் முன்னேறுகிறது. வழியிலுள்ள செல்கள் வெளியிடும் பொருள்களில் சில அதைத் தம் பக்கம் இழுக்கும். சில விலக்கித் தள்ளும். அரக்கோணம் ஜங்ஷனைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சென்னை, காட்பாடி, ரேணிகுண்டா, செங்கல்பட்டு என்று பிரியும் பாதைகளில் எந்த வண்டி எப்போது போகலாம் என்பதைச் சிக்னல்தானே சொல்கிறது! ஆராய்ச்சியாளர்களுக்கும் இதே எண்ணம் தோன்றியிருக்கிறது. 1993இல் இவ்வகைப் பொருள்கள் சிலவற்றுக்குக் கைகாட்டி மரத்தின் ஆங்கிலப் பெயரையொட்டி 'செமஃபோரின்' என்று பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த 'நெட்ரின்' என்ற பெயரோ, வழிநடத்துகிறவர் என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து பிறந்தது. தாயின் கருவில் நரம்புகள் உருவாகும்போது இவற்றுக்கு வேலை அதிகம்.

வளர்ந்தவர்களின் கைகால்களில் அந்தப் பொறுப்பில் பெரும்பங்கு, நரம்பிழையைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களுடையது. இழை அழிந்தால் இவை வரிசையாக நின்று பாதை அமைத்து, வளர்ச்சிக்கு வேண்டியதையும் சுரந்து கொடுக்கின்றன. தொழுநோய்க் கிருமி குடியேறுவதோ இந்தச் செல்களுக்குள்ளேயே! உடல் அதை எதிர்க்கும்போது நரம்பு வீங்கி, நசுங்கி, நாளடைவில் தழும்பாகிறது. கூட்டு மருந்து கிருமியைக் கொன்றுவிடும். ஆனால் பெயர்ந்துபோன தண்டவாளத்தை அது திரும்பப் போடுவதில்லை.

ஆகவே காலம் முக்கியம். மரத்துப்போன ஆறு மாதத்துக்குள் வருகிறவர்களுக்கு பிரெட்னிசோலோன் மாத்திரையால் வீக்கத்தை வடியவைத்தால், பலருக்கு உணர்ச்சியும் பலமும் திரும்புகின்றன. அதற்குப் பிறகு நம்பிக்கை குறைவு. தேமலைக் காட்ட வந்தவரின் முழங்கையையும் நாங்கள் ஏன் அழுத்திப் பார்க்கிறோம் என்பது இப்போது விளங்கும்.

தாமதமாக வந்தவர்களுக்கும் வழி உண்டு. டாக்டர் பால் பிராண்டு 1940களின் கடைசியில் வேலூரில், நல்ல நிலையிலுள்ள தசையின் நாணை மடங்கிய விரல்களுக்கு மாற்றிப் பொருத்தத் தொடங்கினார். 1955இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையும் இந்த அறுவைச் சிகிச்சைக்குப் பெயர்பெற்றது. இதனால் விரல் நிமிரும், டம்ளரைப் பிடிக்கும். ஆனால் டம்ளர் சுடுகிறதா என்பது அந்தக் கைக்குத் தெரியாது. அதனால், சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் தொடக் கூடாது, இரவு படுக்குமுன் கையையும் காலையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்புகிறோம்.