வளைஞ்ச பிரேக் லீவரை நிமிர்த்தலாமா?

பார்க்கிங்ல பைக் வலது பக்கமா சாஞ்சா, முதல் அடி வாங்கறது பெரும்பாலும் முன் பிரேக் லீவர்தான். உடனே யாராவது ஒருத்தர், "ஒரு பைப் குடுடா, நிமித்திடலாம்" என்பார். நிமிர்த்தினால் பார்க்க நேராகத்தான் இருக்கும். பிரச்சினையே அதுதான்.

பெரும்பாலான லீவர்கள் வார்ப்பு அலுமினியக் கலவை. மைல்டு ஸ்டீலை இழுத்தால், உடையும் முன் 20 சதவீதத்துக்கு மேல் நீளும். வார்ப்பு அலுமினியம் சில சதவீதம்தான் தாங்கும். கீழே விழுந்து வளைஞ்சதிலேயே அதில் பெரும்பகுதி செலவாகிவிட்டது. திரும்ப நிமிர்த்தும்போது உள்ளே விரிசல் விழலாம். பெயின்ட்டுக்கு அடியில் அது கண்ணுக்குத் தெரியாது. சூடு பண்ணி நிமிர்த்தலாம் என்பதும் ஆபத்து. இரும்பு மாதிரி அலுமினியம் சிவந்து எச்சரிக்கை தராது. சுத்த அலுமினியமே 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கலவை அதற்கும் முன்னாடியே இளகும்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. லீவர் சுழலும் போல்ட்டில் இருந்து விரல் பிடிக்கும் இடம் 12 செ.மீ., மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளும் இடம் 2 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். விரல் 100 நியூட்டன் கொடுத்தால் பிஸ்டனுக்கு 600 நியூட்டன் போகும். குறுக்கே நாய் வந்தால் இன்னும் பலமாகப் பிடிப்போம். ஆக, விரிசல் உள்ள லீவர் உடைய அதிக வாய்ப்புள்ள நேரம், பிரேக் கட்டாயம் தேவைப்படும் நேரம்தான். வளைவு போல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் ரிஸ்க் இன்னும் அதிகம்.

நுனி மட்டும் லேசா வளைஞ்சிருக்கு, விரிசல் இல்லை, முழுசா பிடிச்சாலும் கைப்பிடியில் இடிக்கலை, விட்டதும் தானா திரும்புது என்றால், புதுசு வாங்கும் வரைக்கும் அப்படியே மெதுவா ஓட்டலாம். ஆனா நிமிர்த்த வேண்டாம்.

மாத்தறது ஈஸி. டிஸ்க் பிரேக் என்றால் முதலில் லீவருக்கு அடியில் இருக்கும் நட்டைக் கழற்றுங்க, அப்புறம் மேலே இருக்கும் போல்ட்டை. லீவர் கையோடு வந்துடும். பிரேக் ஆயிலைத் தொடவே வேண்டாம். உங்க மாடலுக்கான லீவரையே வாங்குங்க. போல்ட்டுக்கு லேசா கிரீஸ் தடவி மாட்டுங்க. போல்ட்டை ரொம்ப இறுக்கினால் லீவர் சிக்கிக்கும். அது தடையில்லாம ஆடணும். அப்புறம்தான் நட்டை இறுக்கணும். டிரம் பிரேக்கில் சக்கரத்துப் பக்கம் இருக்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, கேபிள் நுனியை லீவரில் இருந்து எடுத்துட்டு மாத்தணும்.

மாட்டியதும் மூணு விஷயம் செக் பண்ணுங்க.

1. லீவரைப் பிடிச்சா பின் பிரேக் லைட் எரியணும், விட்டா அணையணும்.

2. பிரேக் பிடிக்க ஆரம்பிக்கும் முன் லீவரில் கொஞ்சம் வெறும் ஆட்டம் இருக்கணும். எவ்வளவு என்பது வண்டியோட மேனுவலில் இருக்கும். டிஸ்க்கில் இது ரொம்ப முக்கியம். மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் டேங்குக்குத் திரும்ப ஒரு சின்னத் துளை இருக்கு. லீவர் பிஸ்டனை எப்பவும் தள்ளிக்கிட்டே இருந்தா அந்தத் துளை மூடியே இருக்கும். ஓட்ட ஓட்ட ஆயில் சூடாகி விரியும். போக வழி இல்லாம பேடைத் தள்ளும். கடைசியில் முன் சக்கரம் தானாகவே லாக் ஆகலாம்.

3. முன் சக்கரத்தைத் தூக்கி கையால் சுத்திப் பாருங்க. பிரேக் பிடிச்சு விட்டதும் இறுக்கமில்லாம சுத்தணும்.

மூணும் சரியா இருந்தா, காலி இடத்தில் நடக்கற வேகத்தில் ரெண்டு தடவை பிரேக் போட்டுப் பாருங்க. அப்புறம் ரோட்டுக்கு எடுங்க. சாதாரண பைக்குக்கு லீவர் விலை பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். பழசை "ஸ்பேரா இருக்கட்டும்" என்று டூல் பாக்ஸில் போடாதீங்க. நேரா பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிடுங்க.