சென்னைக்கு வந்தது, சிதம்பரத்துக்கு வரவில்லை

1936-ஆம் வருஷம் நவம்பர் 2-ந் தேதி, லண்டன் அலெக்ஸாண்ட்ரா மாளிகையிலிருந்து பி.பி.ஸி. ஸ்தாபனத்தார் டெலிவிஷன் ஒளிபரப்பை முறையாக ஆரம்பித்தார்கள். பேர்டு என்பாரின் 240 வரி முறையும், மார்க்கோனி-ஈ.எம்.ஐ. கம்பெனியாரின் 405 வரி முறையும் வாரம் மாற்றி வாரம் போட்டியிட்டன. சில மாதங்களிலேயே பேர்டு தோற்றார். பாவம், 1926-லேயே இவ்விந்தையை லண்டனில் செய்து காட்டியவர் அவர்!

அங்கும் எல்லாருக்கும் அது கிட்டிவிடவில்லை. பர்மிங்ஹாம் நகரத்தார் 1949 டிசம்பர் வரை காத்திருந்தார்கள்.

நம் தேசத்தில் டில்லிக்கு 1959-லும், சென்னைக்கு 1975 ஆகஸ்டு 15-லுமே டெலிவிஷன் வந்தது. சென்னைக்கு வந்துவிட்டால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் வந்ததாகுமா? மத்திய அலை ரேடியோவைப் போல இவ்வலைகள் தரையைத் தழுவி வெகுதூரம் செல்வன அல்ல. ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வன. பூமியின் வளைவே இடையில் திரையாக நிற்கிறது. 1939 முதல் திருச்சி ரேடியோவின் சங்கீதத்தைக் கேட்டுப் பழகிய எம் பக்கத்தாருக்கு இது விளங்குவது சிரமந்தான். வரிப் பணம் யாவருடையது, காட்சி யாருக்கு என்று நாம் கேட்பதில் தவறில்லை.

1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிற்று. கடலின் மேலுள்ள காற்றடுக்குகள் சில வேளைகளில் அலைகளை வளைத்து நெடுந்தூரம் இட்டுச் செல்லும். தமிழ்நாட்டுக் கரையோர வீடுகள் பலவற்றில், தம் தலைநகரத்துக்கு முன்னதாகக் கொழும்பு தெரிந்தது.