முழங்காலும் குருதிச் சர்க்கரையும்



தம்புள்ளைக் குகைக் கோயிலுக்குப் படியேறும் முதியவர்களையும், 1999ஆம் ஆண்டு இங்கே தொடங்கப்பெற்ற பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி மூடை சுமந்து முதுமையுற்றோரையும் கண்டால், முழங்கால் எத்துணைப் பாரம் தாங்கும் உறுப்பு என்பது விளங்கும். தேய்ந்த மூட்டை நீக்கி, உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆகிய மூட்டைப் பொருத்தும் சத்திரசிகிச்சை 1970ஆம் ஆண்டுகளிற் செம்மையுற்றது.

அதற்கு நாள் குறிக்கச் சென்றவரை, "முதலிற் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்று வைத்தியர் திருப்பியனுப்புவதுண்டு. நோவு முழங்காலில் இருக்கக் குருதியை ஏன் சோதிக்கிறார் என்று மனம் வருந்துவது இயல்பே. காரணம் யாது?

உண்ட உணவைச் சக்தியாகவும் தசையாகவும் மாற்றும் உடலின் தொழிலை அனுசேபம் என்பர். அது சீர்கெட்டால் குருதியிற் குளுக்கோசு மிகும். மிகுந்த குளுக்கோசு, கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்களைச் சோர்வுறச் செய்யும். நுண்ணிய குருதிக் குழாய்களைப் பழுதாக்கும். காயத்தை இணைக்கும் புரத இழைகள் உருவாவதைத் தாமதப்படுத்தும். சத்திரசிகிச்சையால் உடலுக்கு நேரும் அதிர்ச்சி, சர்க்கரையை மேலும் உயர்த்தும். குருதியோட்டமில்லாத செயற்கை மூட்டிற் கிருமி குடிபுகுந்தால் மருந்து அதனை எளிதில் எட்டாது. சிலவேளை அம்மூட்டையே கழற்றி மறுமுறை பொருத்த நேரும்.

செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாள் வாழ்வது. அதிலுள்ள ஈமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு வெளிப்படும். அது 7.5 அல்லது 8 சதவீதத்துக்கு மேற்படின் வைத்தியர் பலர் சிகிச்சையைப் பிற்போடுவர். முதல்நாட் பட்டினியால் அக்கணக்கை மாற்றவியலாது.

2005–2006இல் நிகழ்ந்த ஆய்வொன்று, இலங்கையில் வளர்ந்தோருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் நீரிழிவோ அதன் முன்னிலையோ உடையவர் எனக் காட்டியது. நோயுற்றோருட் பலர் அதனை அறியாதிருந்தனர். ஆதலின், நோவு தோன்றிய நாளிலேயே குருதியையும் சோதிப்பித்தல் நன்று.

காத்திருக்கும் மாதங்கள் வீணல்ல. மருந்தை ஒழுங்காக உட்கொள்ளுங்கள். சோற்றின் அளவைக் குறைத்து மரக்கறி, பருப்பு, மீன் ஆகியவற்றைச் சேருங்கள். புகைத்தலை விடுங்கள். கதிரையில் இருந்தபடியே காலை நீட்டி மடக்கித் தொடைத்தசையை வலுவாக்குங்கள். சிகிச்சை முடிந்து அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கையில் அத்தசையே துணைநிற்கும். உடல் பருத்தோர் கடும் பட்டினி கிடத்தல் தகாது. புரதம் குன்றினாற் காயம் ஆறத் தாமதிக்கும்.

விதைக்குமுன் நிலத்தைப் பண்படுத்தும் நம் பகுதிக் கமக்காரருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.