உங்களுக்குத் தெரியுமா? உள்ளங்கையில் ஒரு போர்ப்படை!

போர் விமானம், டாங்க், ஏவுகணை... எல்லாவற்றையும் சுருக்கிச் சுருக்கி மேசை மேல் நிறுத்துகிறார்கள் ஸ்கேல் மாடல் பிரியர்கள். அந்த உலகத்தைத் தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு குடை குடைந்தோம். சிக்கியதெல்லாம் சரவெடி!

நம்ம ஆற்றங்கரையில்...

இந்தியாவிலேயே உயரமான கட்டுமானம் எங்கே? மும்பையிலா? டெல்லியிலா? இல்லவே இல்லை! நம்ம விஜயநாராயணத்தில், ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளத்தில் நிற்கும் கம்பங்கள்தான். உயரம் 471 மீட்டர்!

பாரிஸின் ஈஃபிள் கோபுரம் 330 மீட்டர்தான். நெல்லைச் சீமையிடம் 141 மீட்டர் வித்தியாசத்தில் தோற்றுப்போகிறது!

அந்தக் கம்பத்தை 1:72 அளவில், அதாவது 72-ல் ஒரு பங்காக, மாடல் செய்தால் எவ்வளவு உயரம் வரும்? ஆறரை மீட்டர்! வீட்டுக் கூரையைப் பிரிக்காமல் வைக்க முடியாது!

ஐ.என்.எஸ். என்றதும் கப்பல் என்று நினைத்தீர்களா? கட்டபொம்மன் மிதக்கவே மிதக்காது. ஆனால் ஆழ்கடலில் மூழ்கிக் கிடக்கும் நீர்மூழ்கிகளுக்குச் சேதி அனுப்பும். 1990 முதல்!

வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு தெரியும். அதே கயத்தாறு பக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருப்பது தெரியுமா?

திருநெல்வேலி சுலோச்சன முதலியார் பாலம் 1843-ல் திறக்கப்பட்டது. நீளம் 760 அடி, வளைவுகள் 11. உங்கள் மாடல் டாங்க் ஓட அதே பாலத்தை 1:72-ல் கட்டினால் பத்தரை அடி. தாராளமாக ஹாலில் வைக்கலாம்!

128 கிலோமீட்டர் தாமிரபரணியையே 1:72-ல் சுருக்கினால்? பொதிகை மலையிலிருந்து புன்னைக்காயல் வரை மொத்த ஆறும் 1.8 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்!

அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் நினைவிருக்கிறதா? அம்மி, உரல், திருகை, குடம், அடுப்பு... அத்தனையும் மரத்தைக் கடைசலில் கடைந்து, அரக்கு வண்ணம் ஏற்றியவை. ஸ்கேல் மாடலில் நம்ம அம்பைக்காரர்கள் பழைய கை!

அதைவிடப் பழசு வேண்டுமா? ஆதிச்சநல்லூர்! அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டியபோது வந்தவை: வெண்கல மூடிகளின் மேல் குட்டி எருமை, குட்டிச் சேவல்! கூடவே இரும்பு வாள்களும் ஈட்டி முனைகளும்! குட்டி உருவமும் போர்க் கருவியும் ஒரே மண்ணில்!

டாங்க் செய்ய என்ன வேண்டும்? இரும்பு! தாமிரபரணிப் படுகையின் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 என்கிறது தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வறிக்கை!

சுருக்கினால் என்ன ஆகும்?

1:72 எங்கிருந்து வந்தது? 6 அடி என்பது 72 அங்குலம். அதை 1 அங்குலமாக்கினால் 1:72. ஆறடி ஆள் ஒரே அங்குலம்!

1:48 என்றால் 4 அடிக்கு ஓர் அங்குலம். 1:24 என்றால் 2 அடிக்கு ஓர் அங்குலம். எல்லாம் சுத்தமான வாய்ப்பாடு!

ஆனால் டாங்க் மாடல்களின் 1:35 எந்த வாய்ப்பாட்டிலும் வராது! 1961-ல் ஜப்பானின் டாமியா நிறுவனம் பேந்தர் டாங்க் கிட் செய்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும். அடங்கிய பிறகு அளந்து பார்த்தார்கள். 1:35 வந்தது. இன்றைக்கு உலகமே அந்தப் பேட்டரி அளவில்தான் டாங்க் செய்கிறது!

ஆவடியில் பிறந்த அர்ஜுன் டாங்க்கின் எடை 58.5 டன். 1:35-ல் நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் எடையை 35-ஆல் மூன்று முறை வகுத்தால்? வெறும் 1.36 கிலோ!

தேஜஸ் விமானத்தின் வெற்று எடை 6,560 கிலோ. 1:72-ல் எடையும் சுருங்கினால் 17.6 கிராம். இரண்டு பவுன் நகைக்கு ஒன்றரை கிராம்தான் கூடுதல்!

தஞ்சாவூரிலிருந்து பறக்கும் சுகோய்-30 விமானத்தை 1:72-ல் செய்யுங்கள். நீளம் சுமார் 30 செ.மீ. அர்ஜுன் டாங்க்கை 1:35-ல் செய்யுங்கள், பீரங்கிக் குழாயோடு சேர்த்து. நீளம் அதே 30 செ.மீ.தான்! பள்ளிக்கூடத்து ஸ்கேல் ஒன்று போதும், இரண்டையும் அளந்துவிடலாம்!

62 வருஷம் இந்திய வானில் பறந்து 2025 செப்டம்பர் 26-ல் ஓய்வு பெற்றது மிக்-21. அதன் இறக்கையின் அகலம் முனைக்கு முனை 7.15 மீட்டர்தான். 1:72-ல் 10 செ.மீ.கூட வராது!

பிரம்மோஸ் ஏவுகணையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். ஆமாம், மிக்-21 விமானத்தின் இறக்கையை விட ஏவுகணை நீளம்! அந்தப் பிரம்மோஸ் திட்டத்தை வழிநடத்திய சிவதாணுப் பிள்ளை பிறந்தது பக்கத்து நாகர்கோவிலில்!

அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி ஓடுதளம் 4 கிலோமீட்டருக்கு மேல். மாடல் விமானத்துக்கு 1:72-ல் அதே ஓடுதளம் போட்டால் 55 மீட்டரைத் தாண்டும். உங்கள் தெருவே போதாது!

பெயின்ட் கொஞ்சம் தடித்துப் போச்சா? 1:72 மாடலில் 0.1 மில்லிமீட்டர் பெயின்ட், நிஜ விமானத்தில் 7 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சமம்!

5 மில்லிமீட்டர் ரிவெட் தலை 1:72-ல் 0.07 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமன்! அதையும் ஊசி முனையால் ஒவ்வொன்றாகக் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள்!

அடுக்களையே ஆயுதக் கிடங்கு!

டாங்க்கில் பெயின்ட் உரிந்து துரு தெரிய வேண்டுமா? உப்பை எடுங்கள்! துரு நிறம் அடித்து, ஈரமாக்கி, கல் உப்பைத் தூவி, காயவிட்டு, மேலே பச்சை அடிக்க வேண்டும். காய்ந்ததும் உப்பைத் தேய்த்து உதிர்த்தால் தத்ரூபமான துருத் திட்டுகள். தூத்துக்குடி உப்பு இருக்க என்ன கவலை!

சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டு மணல் ஏன் சிவப்பு? இரும்பு ஆக்சைடு! டாங்க்குக்குத் துரு பூச விற்கிற பொடியின் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான்! காசு கொடுத்து வாங்குகிற நிறம் நம்ம தேரியில் கொட்டிக் கிடக்கிறது!

டாங்க் சங்கிலிக்கு இரும்புப் பளபளப்பு வேண்டுமா? 6பி பென்சிலால் தேய்த்தால் போதும்!

விமானத்தின் ஆன்டெனா கம்பி எதில் செய்கிறார்கள்? கிட்டில் மிச்சமாகும் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி இளக்கி இழுத்தால் முடிபோல நூல் வரும். செலவு பூஜ்யம்!

விமானிக் கூண்டின் கண்ணாடியைத் தரைக்குப் போடும் அக்ரிலிக் பாலிஷில் முக்கி எடுக்கிறார்கள். கீறல் மறைந்து பளிங்காகிவிடும்!

அந்தக் கண்ணாடியைச் சூப்பர் குளூ போட்டு ஒட்டினீர்களோ, தொலைந்தது! அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். ஃபெவிகால் போடுங்கள். காய்ந்தால் கண்ணுக்கே தெரியாது!

சூப்பர் குளூ பிறந்ததே ஆயுதத்துக்காக! 1942-ல் ஹாரி கூவர் குழு துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியது. கிடைத்த பொருளோ எல்லாவற்றிலும் ஒட்டித் தொலைக்கிறதே என்று தூக்கிப் போட்டார்கள். 1958-ல் கடைக்கு வந்தது!

மாடல் சிமென்ட் பசையே இல்லை தெரியுமா? பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. காய்ந்த பிறகு அங்கே ஒரே துண்டுதான்!

பழைய கிட்டின் டெக்கல் ஸ்டிக்கர் மஞ்சள் பூத்துவிட்டதா? பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுங்கள். வெயிலில் தானே வெளுக்கும். நெல்லை வெயிலுக்கு இப்படியும் ஒரு வேலை!

குற்றாலச் சாரல் அடிக்கும்போது லாக்கர் ஸ்பிரே அடிக்காதீர்கள். காற்றின் ஈரம் பட்டு மாடல் மேல் வெள்ளைப் படலம் படரும். ஒரு மாத உழைப்பு ஒரே நிமிஷத்தில் காலி!

பெட்டிக்குள்ளே மெட்ராஸ்!

பிரிட்டிஷ் விமானப்படையின் 264-ஆவது படைப்பிரிவின் பெயர் என்ன? ‘மெட்ராஸ் பிரசிடென்சி’! இரண்டாம் உலகப் போரில் நம் மாகாணம் கொடுத்த நிதிக்காக வைத்த பெயர். திருநெல்வேலியும் அந்த மாகாணத்தில்தான் இருந்தது!

அந்தப் படைப்பிரிவு ஓட்டிய விமானம் டிஃபையன்ட். முன்பக்கம் பார்த்துச் சுட ஒரு துப்பாக்கியும் கிடையாது! இருந்த நான்கும் விமானிக்குப் பின்னால், சுழலும் கூண்டில்!

டிஃபையன்ட் மொத்தம் செய்தது 1,064. இன்று முழுசாக மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று! ஆனால் கிட்டாக வாங்கி எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம்!

இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியில் இந்திய வானில் பறந்த நம் விமானங்களின் வட்டச் சின்னத்தில் சிவப்பே கிடையாது! சிவப்பைப் பார்த்து ஜப்பான் விமானம் என்று சொந்தப் படையே சுட்டுவிடக் கூடாதே! மாடலுக்குச் சிவப்பு அடித்தால் போட்டியில் மார்க் போச்சு!

விடுதலைக்குப் பின் சில காலம் அந்த வட்டத்தில் இருந்தது அசோகச் சக்கரம்! மூவர்ண வட்டம் 1950-லிருந்துதான்!

ஆவடியின் முதல் டாங்க் விஜயந்தா, 1965-ல் வெளியே வந்தது. வரைந்தது பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம். ஆனால் பிரிட்டிஷ் ராணுவம் அதை வாங்கவே இல்லை!

ஜெர்மனியின் ஃபோக்கே உல்ஃப் 190 விமானம் மாடல் பிரியர்களின் செல்லப்பிள்ளை. அதை வடிவமைத்த குர்ட் டாங்க்தான் நம் மாருத் ஜெட் விமானத்தையும் வடிவமைத்தார்! 1961 ஜூன் 17-ல் பறந்தது. மொத்தம் 147!

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் நிறுத்தி வைத்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்து மயங்கித்தான் அப்துல் கலாம் விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார்! அங்கே ஒரு தாக்குதல் விமான வடிவமைப்பை முடிக்க அவருக்குக் கிடைத்த கெடு மூன்றே நாள். முடித்துக் கொடுத்தார்!

உளவாளியா, பொம்மையா?

1942-ல் அமெரிக்கக் கடற்படை பள்ளிப் பிள்ளைகளிடம் மாடல் விமானம் கேட்டது. எத்தனை? ஐந்து லட்சம்! எதிரி விமானத்தை நிழல் பார்த்தே அடையாளம் காணும் பயிற்சிக்காக!

எல்லாம் 1:72, எல்லாம் கறுப்பு. 35 அடி தூரத்தில் தொங்கவிட்டால் அரை மைலில் நிஜ விமானம் பறப்பது போலவே தெரியும்!

1961-ல் ரெவெல் நிறுவனம் அணுசக்தி நீர்மூழ்கிக் கிட் விட்டது. அமெரிக்கக் கடற்படையின் அட்மிரல் ரிக்கோவர் கொதித்துப் போனார். பல லட்சம் டாலர் ராணுவ ரகசியம் ரஷ்யாவுக்கு இவ்வளவு மலிவா என்று! கிட் விலை 2 டாலர் 98 சென்ட்!

1986-ல் டெஸ்டர்ஸ் நிறுவனம் ‘எஃப்-19’ ரகசிய விமானக் கிட் விற்றது. எங்களுக்கே காட்டாத விமானம் கடையில் எப்படி என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் கேள்வி! 1988-ல் நிஜ விமானம் வெளியே வந்தது. கிட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை!

ஸ்கேல் 1:1-லும் மாடல் உண்டு! இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் ‘பேய்ப் படை’ ரப்பர் டாங்க்கில் காற்றடித்து ஜெர்மனியை ஏமாற்றியது. நான்கு பேர் சேர்ந்தால் ஒரு டாங்க்கைத் தூக்கிவிடலாம்!

விமானக் கிட்டுக்குப் பேர்போன ஏர்ஃபிக்ஸ் முதலில் விற்றது காற்றடைத்த ரப்பர் பொம்மை. அப்புறம் சீப்பு! 1949-ல் வந்த முதல் கிட் விமானமும் இல்லை, டாங்க்கும் இல்லை. டிராக்டர்!

டாமியாவின் முதல் தொழில் என்ன? மரக்கடை! அதன் முதல் பிளாஸ்டிக் கிட், 1960-ன் யமாத்தோ போர்க்கப்பல். விற்கவில்லை! பிறகு வந்த பேந்தர் டாங்க் கம்பெனியையே தூக்கி நிறுத்தியது!

முதல் 1:72 விமானக் கிட் ‘ஸ்கைபேர்ட்ஸ்’ 1932-ல் விற்பனைக்கு வந்தது. இந்திய விமானப்படை பிறந்ததும் அதே 1932-ல்!

கிட் வாங்கக் காசில்லையா? நுங்குக் கூந்தலில் வண்டி செய்து ஓட்டியவர்கள் நாம். அட்டை, கத்தரிக்கோல், ஃபெவிகால் போதும். நிஜ அளவை மீட்டரில் எழுதுங்கள். 100-ஆல் பெருக்கி 72-ஆல் வகுங்கள். வருகிற விடைதான் உங்கள் விமானத்தின் நீளம், சென்டிமீட்டரில். தேஜஸ் 13.2 மீட்டர். விடை 18.3. இந்த ஞாயிற்றுக்கிழமையே வெட்ட ஆரம்பியுங்கள்!