மங்களவனம்: கொச்சி நகரின் ஓதக்காடு

கொச்சிக்குச் செல்வோரில் பெரும்பாலோர் மட்டாஞ்சேரியில் ஜூ டவுன் என வழங்கும் யூதர் தெருவைக் காணாமல் திரும்புவதில்லை. 1568-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக்கூடமும், மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் பழைய பண்டகசாலைகளும் அவர்களை ஈர்க்கின்றன. ஆனால், அத்தெருவை அடுத்துள்ள காயலைக் கடந்து எர்ணாகுளம் சென்றால், கேரள உயர் நீதிமன்றத்தின் பின்புறத்தே ஒரு சிறு காடு உண்டென்பதை அறிந்தவர் சிலரே. மங்களவனம் என்பது அதன் பெயர். பரப்பு 2.74 ஹெக்டேர்; அதாவது ஏழு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. கேரள அரசு 2004-ஆம் ஆண்டில் இதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

காடு என்றதும் மலையையும் வேங்கையையும் எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாற்றமடைவர். நடுவே ஆழமற்ற ஒரு நீர்நிலை, அதைச் சூழ்ந்து சேற்றில் வளர்ந்த கண்டல் மரங்கள், ஓரமாக ஒரு நடைபாதை, சுற்றிலும் நகரம். இவ்வளவே மங்களவனம். விரைந்து நடப்பவர் இதனைச் சிறிது நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். எனினும், உயிர்நூல் பயிலும் மாணவர்க்கு இதைவிட வசதியான பாடசாலை ஒரு பெருநகரின் நடுவே கிடைப்பது அரிது.

கண்டல் என்பது நம் பண்டைய நெய்தல் நிலப் பாடல்களிலும் பயின்றுவரும் சொல். மலையாளத்திலும் அதுவே வழக்கு. கொச்சியில் டச்சுக்காரரின் ஆட்சித் தலைவராயிருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் முதலிய உள்நாட்டு வைத்தியர்களின் துணைகொண்டு தொகுத்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ என்னும் பெருநூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் இம்மரங்கள் கண்டல் என்ற பெயராலேயே குறிக்கப்பட்டன. பிற்காலத் தாவர நூலார் ஒரு பேரினத்துக்கு ‘கண்டேலியா’ எனப் பெயரிட்டதும் இச்சொல்லைக் கொண்டேயாம்.

மங்களவனத்தில் மிகுந்து காணப்படுவது உப்பட்டி என்று மலையாளிகள் கூறும் வெண்கண்டல் வகை. நீர் வற்றியிருக்கும் வேளையில் அதன் அடிமரத்தைச் சுற்றிப் பார்த்தால், சேற்றில் பென்சில்களை நட்டு வைத்தாற்போல நூற்றுக்கணக்கான குச்சிகள் மேல்நோக்கி நிற்பதைக் காணலாம். இவை செடிகளல்ல, வேர்கள்.

வேர் வானத்தை நோக்கி வளர்வானேன்? சாதாரண மண்ணில் துகள்களுக்கிடையே காற்று உண்டு. வேர்கள் அதிலுள்ள பிராணவாயுவைப் பெறுகின்றன. நீர் நிறைந்த சேற்றிலோ அது சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே தீர்ந்துவிடுகிறது. அதற்குக் கீழே வாழும் நுண்ணுயிர்கள் கடல்நீரிலுள்ள சல்பேட்டைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. சேற்றின் கருநிறத்துக்கும், அழுகிய முட்டை போன்ற நாற்றத்துக்கும் இதுவே காரணம். நகர்வாசிகள் பலர் இதனைச் சாக்கடை நாற்றம் என்று எண்ணி மூக்கைப் பொத்திக்கொள்வர். அஃது எப்போதும் சரியன்று. இத்தகைய மண்ணில் வேர் மூச்சுவிட வேண்டுமாயின் அது வெளியே வந்தாகவேண்டும். மூச்சுவேரின் மேற்பட்டையிலுள்ள நுண்துளைகள் வழியே காற்று புகுந்து, பஞ்சு போன்ற உட்பகுதியூடே அடிவேர்களை அடைகிறது. நீர் ஏறும்போது துளைகள் மூழ்குகின்றன. அப்போது உள்ளிருக்கும் பிராணவாயு செலவாகி அழுத்தம் குறைகிறது. நீர் வடிந்தவுடன் புதிய காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஆகவே, இம்மரம் மூச்சுவிடுவது ஓதத்தின் கணக்குப்படியே.

உப்பையும் இது சமாளித்தாக வேண்டும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. கொச்சிக் காயல் கோடையில் இந்நிலையை நெருங்கும். தென்மேற்குப் பருவமழையில் ஏறக்குறைய நன்னீராகிவிடும். வெண்கண்டல் உட்கொண்ட உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. வெயில் நாளில் இலைமீது விரலைத் தடவி நாவில் வைத்துப் பார்த்தால் போதும், பறிக்கவேண்டியதில்லை. தாங்குவேர்கள் கண்டபடி வளைந்திறங்குவதால் ‘பிராந்தன் கண்டல்’, அதாவது பித்தன் கண்டல், என்று மலையாளிகள் அழைக்கும் மற்றொரு மரமும் இங்குண்டு. நம் பிச்சாவரத்துச் சுரபுன்னை இவ்வினத்தைச் சேர்ந்ததே. அது வேரிலேயே உப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. அதன் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு, பின்னரே விழுகிறது.

இனி, இக்காட்டின் உயிர்நாடியைக் கூறவேண்டும். நடுவிலுள்ள நீர்நிலையை வேம்பநாட்டுக் காயலுடன் இணைப்பது ஒரு வாய்க்கால். கொச்சியில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்குவது. அந்தச் சிறு அசைவு இவ்வாய்க்கால் வழியே உள்ளே வந்து திரும்புவதால்தான் மூச்சுவேர்கள் நாள்தோறும் வெளிப்படுகின்றன; மீன்குஞ்சும் இறாலும் உள்ளே வருகின்றன. வக்காவும் சிறு நீர்க்காகமும் இங்கே கூடுகட்டி, இரையைக் காயலிலும் தேடுகின்றன. வாய்க்கால் தூர்ந்து நீர் தேங்கி நின்றுவிட்டால், சில வாரங்களில் வேர்கள் மூச்சுத் திணறும். நீரே வராமற்போனால் கண்டலுக்குரிய இடத்தை வேறு செடிகள் பற்றிக்கொள்ளும். ஓதத்துடன் நகரத்துப் பிளாஸ்டிக் குப்பையும் வந்து மூச்சுவேர்களில் சிக்கிக்கொள்வதால், இவ்வச்சம் கற்பனையன்று. எல்லையில் வேலி கட்டுவதைவிட வாய்க்காலைத் தூய்மையாக வைப்பதே இங்கு முதற்கடன் என்பது எம் கருத்து. கேரளத்தின் கண்டற்காடுகள் ஒருகாலத்தில் 700 சதுர கிலோமீட்டர் இருந்தன என்பர். 2021-ஆம் ஆண்டின் இந்திய வன அறிக்கை தரும் அளவோ 9 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டுக்கு அது தரும் அளவு 45.

காணச் செல்வோர் கடிகாரத்தினும் ஓத அட்டவணையைப் பார்த்துச் செல்வது நலம். ஏற்றமும் வற்றமும் நாளொன்றுக்கு இருமுறை நிகழ்வன; நேரமோ நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். இன்று காலை எட்டு மணிக்கு வற்றமாயின், நாளை எட்டு ஐம்பதுக்கு எதிர்பார்க்கலாம். கோட்டைக் கொச்சியிலிருந்து வருவோர்க்கு, 2023-இல் தொடங்கிய நீர் மெட்ரோவின் படகு உயர் நீதிமன்றத் துறைவரை உண்டு. மூச்சுவேர்களைக் காண விரும்புவோர் வற்றத்துக்குச் சற்று முன்பே சென்று, பாதையை விட்டுச் சேற்றில் இறங்காமல், வாய்க்காலில் நீர் எத்திசையில் ஓடுகிறது என்பதை முதலில் கவனிப்பாராக.