பனி உருகினால் முயலுக்கு என்ன ஆபத்து? பாறையில் வளரும் லைக்கன் சொல்லும் கணக்கு

பிரியாணிக்குப் போடும் கல்பாசியைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த பூ மாதிரி இருக்குமே, அது செடியே இல்லை. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக்குடித்தனம். பெயர் லைக்கன்.

அதன் தூரத்து உறவு ஒன்று வட அமெரிக்காவின் ராக்கி மலைப் பாறைகளில் மஞ்சள் கலந்த பச்சைத் திட்டுகளாக வளர்கிறது. கறுப்பு எல்லைக்கோடுகளோடு பார்க்க மேப் மாதிரியே இருப்பதால் ‘வரைபட லைக்கன்’ என்று பெயர். அதே மலைக் காடுகளில் ஓடித் திரிவது ஸ்னோஷூ முயல். சரி, இந்த இரண்டையும் ஏன் ஒப்பிடணும்? இரண்டுக்குள்ளும் ஒரு கடிகாரம் இருக்கு!

மெதுவான கடிகாரம்

வரைபட லைக்கன் வருஷத்துக்கு 1 மில்லிமீட்டர்கூட வளராது. அந்த மந்தம்தான் அதன் பலம். பனியாறு பின்வாங்கியதும் வெறும் பாறை வெளியே தெரியும். பிறகு லைக்கன் அதில் குடியேறும். தேதி பொறித்த பழைய கல்லறைக் கற்களில் உள்ள லைக்கனை அளந்தால் அந்தப் பகுதியின் வளர்ச்சி வேகம் கிடைத்துவிடும். அதன்பின் பாறையில் இருக்கும் மிகப் பெரிய திட்டின் அளவை வைத்தே, பனி எப்போ விலகியது என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். 1950-களில் இந்த முறையை வளர்த்தெடுத்தவர், ஆஸ்திரியாவைச் சேர்ந்த ரோலண்ட் பெஷல்.

பிசகிய கடிகாரம்

ஸ்னோஷூ முயல் கோடையில் பழுப்பு, குளிர்காலத்தில் வெள்ளை. தரையின் நிறத்தோடு ஒன்றிப்போனால்தான் லின்க்ஸ் காட்டுப்பூனையின் கண்ணில் படாமல் தப்பிக்கும். ஆனால், நிறம் மாறும் நேரத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது பனி இல்லை, பகலின் நீளம். பகல் பொழுதின் கணக்கு மாறவில்லை. பனிதான் இப்போது தாமதமாக விழுகிறது, சீக்கிரமே உருகுகிறது. விளைவு? பழுப்புத் தரையில் பளிச்சென்று ஒரு வெள்ளை முயல்.

இதற்கு விலை உயிர்தான். மொன்டானாவில் ரேடியோ பட்டை மாட்டிக் கண்காணித்த முயல்கள் பற்றிய ஆய்வு 2016-இல் வெளியானது. நிறம் முழுக்கப் பொருந்தாத முயல்கள் பிழைத்திருக்கும் வாய்ப்பு, வாரத்துக்கு 7% வரை குறைந்தது.

தப்பிக்க வழி உண்டா?

இருக்கு. பசிபிக் கடலோரத்தில் பனி குறைவான பகுதிகளில், சில ஸ்னோஷூ முயல்கள் குளிர்காலத்திலும் பழுப்பாகவே இருக்கின்றன. எப்போதோ வேறொரு முயல் இனத்தோடு கலந்ததில் வந்த மரபணு மாற்றம் இது என்று 2018-இல் கண்டுபிடித்தார்கள். இந்தப் பழுப்பு மற்ற பகுதிகளுக்கும் பரவினால் முயல் தப்பிக்கும். ஆனால், அதற்குப் பல தலைமுறைகள் ஆகும். பனி அவ்வளவு காலம் காத்திருக்குமா என்பதுதான் கேள்வி.