கட்டை போயிடுச்சு!

"கட்டை போயிடுச்சு, கடைக்குப் போய் ரெண்டு வாங்கிட்டு வா!" நண்பர்களே, இந்த உத்தரவைக் கேட்காமல் நம்மில் யாராவது வளர்ந்திருக்கிறோமா? கடைக்கார அண்ணாச்சியும் பதிலுக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "பெருசா, சின்னதா?" அத்தோடு பேட்டரி பற்றிய நம் ஆராய்ச்சி முடிந்துவிடும்.

டிப்ளமோவில் மின்னணுவியல் எடுத்த ஒரே குற்றத்துக்காக, எங்கள் தெருவில் ரிமோட், பொம்மைக் கார், சுவர்க் கடிகாரம், ரேடியோ என்று எது நின்றாலும் என் கையில் வந்து சேரும். அதில் பாதிக்கு ரிப்பேரே இருக்காது. தப்பான கட்டை, இல்லையென்றால் தப்பாகப் போட்ட கட்டை. பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டபோது மைக்ரோ கண்ட்ரோலர் பற்றி எழுதலாம் என்றுதான் இருந்தேன். அதைப் படிக்கப் போவது எங்கள் வகுப்பில் நாலு பேர். இதையாவது வீட்டில் அம்மாவும் அக்காவும் படிப்பார்களே என்று மனதை மாற்றிக்கொண்டேன்.

முதலில் செல்லின் மேலுறையைப் படிக்கப் பழகுவோம். ‘ஆர்6’ என்று போட்டிருந்தால் அது நாம் பென்டார்ச் செல் என்று சொல்லும் ஏஏ அளவு. ‘ஆர்03’ என்றால் ரிமோட்டுக்குப் போடும் ஒல்லியான ஏஏஏ. ‘ஆர்20’ பழைய டார்ச் லைட்டின் பெரிய கட்டை. ‘ஆர்’ என்பது உருண்டை வடிவம் என்பதற்கான எழுத்து. அதற்கு முன்னால் இன்னொரு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஒன்றும் இல்லையென்றால் அது துத்தநாக-கார்பன் செல். ‘எல்’ இருந்தால் ஆல்கலைன். ‘எஸ்’ இருந்தால் சில்வர் ஆக்சைடு, கைக்கடிகாரத்தில் வருவது. ‘சி’ இருந்தால் லித்தியம், 3 வோல்ட். ‘சிஆர்2032’ என்பதில் 20 என்பது மில்லிமீட்டரில் விட்டம், 32 என்பது 3.2 மி.மீ. தடிமன். இது தெரிந்தால் 2032-க்குப் பதில் கடைக்காரர் 2025-ஐ எடுத்து நீட்டும்போது, "அண்ணாச்சி, இது 2.5 மி.மீ.தான், உள்ளே ஆடும்" என்று சொல்லி அவரை அசத்தலாம்!

துத்தநாக-கார்பன் செல்லின் பரம்பரை பெரிசு. பிரெஞ்சுக்காரர் லெக்லாஞ்சே 1866-ல் செய்த ஈரக் கலத்திலிருந்து வந்தது. உள்ளே இருந்த திரவத்தைப் பசையாக்கி, சிந்தாத ‘உலர்’ கலமாக 1880-களில் மாற்றினார்கள். நடுவில் கார்பன் குச்சி, சுற்றி மாங்கனீசு டை ஆக்சைடு, வெளியே துத்தநாகக் குவளை. இந்தக் குவளைதான் எதிர்முனை, அதாவது பாத்திரமும் அதுவே, விறகும் அதுவே! செல் வேலை செய்யச் செய்யப் பாத்திரம் கரைந்துகொண்டே வரும். கடைசியில் ஓட்டை விழுந்து பசை வெளியே ஒழுகும். பழைய டார்ச்சைத் திறந்தால் செல் வெளியே வராமல் அடம்பிடிப்பது இதனால்தான்.

ஆல்கலைன் 1959-ல் கடைக்கு வந்தது. அதில் துத்தநாகம் பொடியாக நடுவில் இருக்கிறது, வெளிக்கூடு இரும்பு. பொடிக்குப் பரப்பு அதிகம் என்பதால் ஒரே நேரத்தில் அதிக மின்னோட்டம் கொடுக்க முடியும். விலை இரண்டு மூன்று மடங்கு இருக்கும். "அப்படின்னா எல்லாத்துக்கும் ஆல்கலைனே போட்டுடலாமே?" என்று எங்கள் அத்தை கேட்டார்கள். வேண்டியதில்லை. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

சுவர்க் கடிகாரம் குடிக்கும் மின்னோட்டம் சராசரியாக ஒரு மில்லி ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம். பெருக்கினால் 876 மில்லி ஆம்பியர்-மணி. கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டால் இதை ஒரு சாதாரண ஏஏ செல்லே ஏறக்குறைய தந்துவிடும். ஆக கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் விலை குறைந்த சாதாரண செல்லே போதும். அதில் ஆல்கலைனைப் போட்டு மூன்று வருஷம் மறந்துவிட்டால், அதுவும் மூடி வழியாகக் கசிந்து உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

பொம்மைக் கார் சமாசாரம் வேறு. அதில் மோட்டார் இருக்கிறது. மூன்று சாதாரண செல், ஒவ்வொன்றுக்கும் உள்மின்தடை 0.6 ஓம், மோட்டார் அரை ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் தடை 1.8 ஓம். அரை ஆம்பியரால் பெருக்கினால் 0.9 வோல்ட். 4.5 வோல்ட்டில் 0.9 வோல்ட் மோட்டாருக்குப் போகாமல் செல்லுக்குள்ளேயே சூடாக வீணாகிறது. செல் பழசாக ஆக உள்மின்தடை இன்னும் ஏறும். அதனால்தான் தீபாவளிக்கு வாங்கிய கார் அன்று சாயங்காலமே மூச்சு வாங்குகிறது. அதே செல்லை எடுத்துக் கடிகாரத்தில் போட்டால் இரண்டு மூன்று மாதம் ஓடும்! (போட்ட தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, ஞாபகமாக எடுத்துவிட வேண்டும். கரைந்த குவளை என்பதை மறக்காதீர்கள்.) மோட்டார், ஃபிளாஷ் போன்ற பசிக்காரர்களுக்கு ஆல்கலைன்.

அதைவிட நல்லது திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல். மாதம் இரண்டு முறை நாலு செல் மாற்றும் வீடு வருஷத்துக்கு 96 செல் வாங்குகிறது. நாலு ரீசார்ஜ் செல்லும் ஒரு சார்ஜரும் அந்தச் செலவில் ஒரு பகுதிதான். நூற்றுக்கணக்கான தடவை ஏற்றலாம். இதன் மின்னழுத்தம் 1.2 வோல்ட்தானே, ஓடுமா என்று வைவாவில் கேட்பது போல் நீங்கள் கேட்கலாம். ஆல்கலைனும் 1.5-ல் தொடங்கிப் பாதி ஆயுளுக்குள் 1.2 பக்கம் இறங்கிவிடுகிறது, இது கடைசி வரை அங்கேயே நிற்கிறது. அதனால் பெரும்பாலான பொம்மைகள் வித்தியாசம் காட்டுவதில்லை. ஒரு எச்சரிக்கை: சார்ஜ் ஏற்றக்கூடாது என்று எழுதியிருக்கும் செல்லை சார்ஜரில் போட்டு வேடிக்கை பார்க்காதீர்கள். உள்ளே வாயு உண்டாகி வெடிக்கும், முகத்தில் தெறிப்பது காரம்.

இப்போது நம் வீட்டு வைத்தியங்களுக்கு வருவோம். செல்லை வெயிலில் வைத்தால் உயிர் வருமா? கொஞ்சம் வரும். சூட்டில் உள்ளே வேதிவினை வேகம் பிடிக்கும், அத்தோடு வேலையில்லாமல் கிடந்த நேரத்தில் கார்பன் குச்சியைச் சுற்றிச் சேர்ந்த வாயுவும் அடங்கியிருக்கும். தாத்தா சொன்னது பொய்யில்லை. ஆனால் கிடைப்பது பத்து நிமிஷ வெளிச்சம், கசியும் ஆபத்து நிச்சயம். பல்லால் கடிப்பது? கசிவதை வாயிலேயே வாங்கிக்கொள்ளும் வழி! ரிமோட்டில் செல்லை விரலால் உருட்டுவது மட்டும் நிஜமாகவே வேலை செய்யும். முனையில் படிந்த ஆக்சைடு உரசிப் போய்த் தொடர்பு சரியாகிறது.

புதிது இரண்டு, பழையது ஒன்று என்று கலந்து போடும் சிக்கனம்தான் எனக்குக் கோபம் வரவைக்கிற சிக்கனம். தொடரிணைப்பில் மூன்று செல்லுக்கும் ஒரே மின்னோட்டம். நொண்டி மாட்டையும் மற்ற மாடுகளோடு பூட்டி விரட்டுவது மாதிரி. தெம்புள்ள இரண்டும், காலியான மூன்றாவதின் வழியாக மின்னோட்டத்தைத் தள்ளுகின்றன. அதன் முனைகளே தலைகீழாக மாறி, சூடாகிக் கசிகிறது. மாற்றினால் மொத்தமாக மாற்றுங்கள், அதுவும் ஒரே வகையாக.

கசிந்துவிட்டதா? ஆல்கலைன் என்றால் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அது காரம், பஞ்சில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடையுங்கள். சாதாரண செல் கசிவு அமிலத் தன்மை உடையது, அதற்குச் சமையல் சோடாக் கரைசல். வெறும் கையால் தொடவேண்டாம்.

செல் இருக்கிறதா, செத்ததா என்று மல்டிமீட்டரை மட்டும் வைத்துப் பார்த்தால் ஏமாறுவீர்கள். சும்மா இருக்கும் செல் 1.4 காட்டும், வேலை கொடுத்தால் படுத்துவிடும். லேபில் இருந்து ஒரு 10 ஓம் மின்தடையை முனைகளுக்கிடையே வைத்துக்கொண்டு அளந்தால் குட்டு வெளிப்படும். மீட்டர் இல்லாதவர்கள் ஆல்கலைனை ஒரு அங்குல உயரத்திலிருந்து நேராகத் தரையில் போட்டுப் பார்ப்பார்கள், பழசு துள்ளும், புதுசு ‘தொப்’பென்று நிற்கும். நடுவில் உள்ள துத்தநாகப் பசை ஆக்சைடாக இறுகுவதுதான் காரணம். ஆனால் 2015-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, பாதி சக்தி மீதி இருக்கும்போதே துள்ளல் உச்சத்துக்குப் போய்விடுகிறது என்று தெரிந்தது. துள்ளினால் புதிதில்லை, அவ்வளவே அர்த்தம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இனி எழுதப்போவதைத் தயவுசெய்து வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். என் அக்கா மகனுக்கு இரண்டு வயது. கையில் அகப்படுவது எல்லாம் வாய்க்குத்தான். அவன் வருகிறான் என்றதும் எங்கள் வீட்டில் பட்டன் செல் எங்கெல்லாம் இருக்கிறது என்று கணக்கெடுத்தேன். சர்க்கரை பார்க்கும் மீட்டர், ஜுரமானி, எடை மெஷின், சமையலறைத் தராசு, சின்ன ரிமோட், சாவிக்கொத்து லைட், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, கார்த்திகைக்கு வாங்கிய ஆறு எல்.ஈ.டி. அகல்விளக்கு. ஒரு சின்ன வீட்டில் பதின்மூன்று!

பட்டன் செல்லை விழுங்கினால் என்ன ஆகும்? "காசு முழுங்கின மாதிரி தானே, மறுநாள் வெளியே வந்துடும்" என்பார்கள். காசு சும்மா இருக்கும், செல் சும்மா இருக்காது. 20 மி.மீ. வட்டம் சின்னக் குழந்தையின் உணவுக் குழாயில் சிக்கிக்கொள்ளும் அளவு. ஈரமான சதை இரண்டு முனைகளையும் இணைத்துவிடுவதால் மின்னோட்டம் ஓடி, எதிர்முனைப் பக்கம் காரம் உற்பத்தியாகிறது. சுண்ணாம்பு வாயை வேகவைப்பதைவிடக் கொடுமை. இரண்டு மணி நேரத்துக்குள் குழாய் வெந்து ஓட்டை விழலாம். எங்கள் லேபில் ஒரு கோழித் துண்டின் மேல் சிஆர்2032-ஐ வைத்துப் பார்த்தோம். எதிர்முனை பட்ட இடத்தில் சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாகியது, அப்புறம் அந்த இடமே கறுத்துவிட்டது. மதியம் மெஸ்ஸில் கோழிக் குழம்பு, எங்களில் யாரும் தொடவில்லை. ரிமோட்டுக்கு உதவாது என்று எடுத்துப் போட்ட ‘செத்த’ செல்லிலும் இதைச் செய்கிற அளவு சக்தி மீதி இருக்கும். மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் இதே கதை.

சளி, இருமல், எச்சில் ஒழுகுதல், சாப்பிட மறுத்தல். அறிகுறி இவ்வளவுதான், சாதாரண ஜலதோஷம் போலவே இருக்கும். சந்தேகம் வந்தாலே எக்ஸ்-ரே எடுக்க வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். படத்தில் காசுக்கு ஒற்றை விளிம்பு, பட்டன் செல்லுக்கு இரட்டை வளையம் தெரியும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக்கூடாது, சாப்பாடு கொடுக்கக்கூடாது. விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், ஒரு வயதுக்கு மேற்பட்ட, விழுங்கக்கூடிய நிலையிலுள்ள குழந்தைக்குப் போகும் வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், ஆறு தடவை வரை கொடுக்கலாம் என்று அமெரிக்க விஷமுறிவு மையம் சொல்கிறது. அது காரத்தின் வேகத்தைக் குறைக்கும். தேன் தேடிக்கொண்டு நேரத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது.

அமெரிக்காவில் 2020-ல் ரிமோட்டின் பட்டன் செல்லை விழுங்கிய ஒன்றரை வயதுக் குழந்தை இறந்த பிறகு, அதன் தாய் போராடி 2022-ல் தனிச் சட்டமே வந்தது. நம் நாட்டில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மின்சாரப் பொம்மைக்கான தர எண் ஐ.எஸ். 15644. செல் இருக்கும் மூடியை ஸ்க்ரூ இல்லாமல் நகத்தால் திறக்க முடிந்தால் அந்தப் பொம்மையைத் திருவிழாக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். எங்கள் வீட்டு அகல்விளக்குகள் ஆறும் அலமாரியின் மேல் தட்டுக்குப் போய்விட்டன. "நிஜ விளக்குக்கே பயம் கம்மி" என்றார் அப்பா.

காதுக் கருவி வைத்திருக்கும் தாத்தா பாட்டிக்கு ஒரு வார்த்தை. அந்தச் செல் காற்றை உள்ளே இழுத்து வேலை செய்வது. ஒட்டியிருக்கும் தாளை உரித்ததும் ஒரு நிமிஷம் காற்றாட விட்டு அப்புறம் கருவியில் போடுங்கள். உரித்தபின் அதன் ஆயுள் ஓட ஆரம்பித்துவிடும், திரும்ப ஒட்டினாலும் பெரிதாகப் பயனில்லை. அது குட்டிச் செல், பேரக் குழந்தைகளிடமிருந்து அதையும் மறைத்துவையுங்கள்.

தீர்ந்த செல்லைப் போகி நெருப்பில் போட்டு ‘டப்’ சத்தம் கேட்பது நம்மூர்ப் பையன்களின் பழைய பொழுதுபோக்கு. வெடித்துக் கண்ணில் படும், புகையும் ஆகாது. குப்பையிலும் போடக்கூடாது என்பதற்குத்தான் உறையில் குறுக்கே கோடு போட்ட குப்பைத் தொட்டிப் படம். 2022-ல் வந்த மத்திய அரசின் பேட்டரிக் கழிவு விதிகள் சின்னச் செல்களையும் சேர்த்துக்கொண்டன, திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வது தயாரிப்பாளர் பொறுப்பு. நம் கடைத்தெருவில் வாங்கிக்கொள்வார் யாருமில்லையே என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் லேப் வாசலில் ஒரு நீல பிளாஸ்டிக் டப்பா வைத்திருக்கிறோம், நிறைந்ததும் மின்கழிவு எடுப்பவரிடம் போகும். பட்டன் செல்லுக்கும் 9 வோல்ட் பேட்டரிக்கும் இரண்டு முனையிலும் செல்லோ டேப் ஒட்டிப் போடுங்கள், ஒன்றோடொன்று உரசித் தீப்பிடிக்கக்கூடாது. டேப் லேப் அட்டெண்டர் அண்ணனிடம் இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்.